வேலையின்மை ஏன் தனி இளைஞர் ஓட்டாக விழவில்லை: 2024 மக்களவைத் தேர்தலை முன்வைத்து

கேள்வி இதுதான்: 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் எடுத்த ஆய்வுகளில் வேலையின்மை முதல் பிரச்சினையாக வந்தது. ஆனாலும் அதே பிரதமர் மூன்றாம் முறை பதவியேற்றார். அப்படியானால் நம் இளைஞர்கள் வேலையை மனதில் வைத்து ஓட்டுப் போடுவதில்லையா? சாதி, மதம், தலைவர் முகம் இவற்றுக்குத்தான் போடுகிறார்களா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையின்மை அந்தத் தேர்தலில் ஓட்டை நகர்த்தியது. சில இடங்களில் பலமாகவே நகர்த்தியது. ஆனால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் அது கண்ணில் படாது. மகனுக்கு வேலை கிடைக்காத வீட்டில் அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் அதே கவலையோடுதான் வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள். அதனால் அது குடும்ப ஓட்டாக விழுகிறது. அதுவும் எல்லா இடத்திலும் விழவில்லை. யார் எடுத்த எந்த முடிவால் பிழைப்பு கெட்டது என்று மக்களால் விரல் நீட்டிச் சொல்ல முடிந்த இடத்தில், அந்தக் கோபத்தைத் தெருத்தெருவாகக் கொண்டுபோக ஆள் இருந்த இடத்தில் மட்டும் விழுந்தது.

இனி விவரமாகப் பார்க்கலாம்.

லோக்நீதி–சிஎஸ்டிஎஸ் அமைப்பு தேர்தலுக்கு முன் நடத்திய ஆய்வில் 27 சதவீதம் பேர் வேலையின்மையைத்தான் முக்கியப் பிரச்சினை என்றார்கள். விலைவாசி 23 சதவீதத்தோடு அடுத்து வந்தது. வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்றவர்கள் 62 சதவீதம். அப்படிச் சொன்னவர்களில் நடுத்தர வயதுக்காரர்களும் கிராமத்துப் பெரியவர்களும் இருந்தார்கள். இளைஞர்கள் மட்டுமாக 62 சதவீதம் வந்துவிட முடியாது. தேர்தல் முடிந்தபின் அதே அமைப்பு நடத்திய ஆய்வில், இளையவர்கள் ஒரு பக்கம், மூத்தவர்கள் மறுபக்கம் என்ற பெரிய பிளவு எதுவும் தென்படவில்லை. இதைப் பார்த்துத்தான் பலர் "இளைஞர்களுக்கு வேலை ஒரு பொருட்டே இல்லை" என்று முடிவு கட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த முடிவு அவசரமானது.

வேலையில்லாதவர்கள் யார் என்பதில் குழப்பம் வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024 மார்ச்சில், தேர்தல் அறிவிப்பு வந்த கொஞ்ச நாளில், ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்தியாவில் வேலையில்லாதோரில் 83 சதவீதம் இளைஞர்கள் என்றது அது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞர்களிடம் 29.1 சதவீதம். நம் நாட்டில் படிக்கப் படிக்க வேலையில்லாமல் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று அர்த்தம். படிக்காதவர் சும்மா இருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுவார். படித்தவரை வீடு கொஞ்ச காலம் தாங்குகிறது. அப்படித் தாங்குகிற வீட்டின் ஓட்டைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

அறிக்கையின் வெளியீட்டு விழாவில் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன், வேலையின்மை போன்ற எல்லாப் பிரச்சினைகளையும் அரசே தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல என்ற பொருளில் பேசினார். பொருளாதார வாதமாக அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆண்டுக்கு 2 கோடி வேலை என்ற பேச்சு 2014 தேர்தல் களத்தில் எவ்வளவு உரக்கக் கேட்டது என்பது ஜனங்களுக்கு நினைவிருந்தது. எதிர்க்கட்சிகள் நாகேஸ்வரனின் பேச்சை உடனே பிடித்துக்கொண்டன.

அரசுத் தரப்பு சொன்ன கணக்கு வேறு. 2022–23 தொழிலாளர் ஆய்வின்படி மொத்த வேலையின்மை வெறும் 3.2 சதவீதம். இந்த எண்ணில் பொய் இல்லை, ஆனால் அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் 30 நாள் ஏதாவது வேலை செய்திருந்தால்கூட வேலையில் இருப்பவர் பட்டியலில் ஒருவர் வந்துவிட முடியும். அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமில்லாமல் நிற்கும் பி.காம் பட்டதாரியும் அந்தக் கணக்கில் வேலை செய்பவர்தான். அதே ஆய்வில் 15 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் 10 சதவீதம். பட்டதாரிகளிடம் 13.4 சதவீதம். வீட்டில் உணரப்படுவது இந்தக் கடைசி இரண்டு எண்கள்.

சரி, கோபம் இருந்தது. அது ஏன் முழுசாக வாக்குப்பெட்டிக்கு வரவில்லை?

முதல் காரணம் மிகச் சாதாரணமானது, ஆனால் யாரும் அதிகம் பேசுவதில்லை. பட்டியலில் பெயரே இல்லை. 2024இல் மொத்த வாக்காளர் 96.88 கோடி. அதில் 20 முதல் 29 வயதுக்குட்பட்டவர்கள் 19.74 கோடி. நல்ல எண்ணிக்கைதான். ஆனால் 18, 19 வயதுக்காரர்கள் 1.8 கோடி மட்டுமே. நாட்டில் அந்த வயதில் இருப்பவர்களைக் கணக்கிட்டால் நூற்றுக்கு நாற்பது பேர்கூடப் பதிவாகவில்லை. பீகார், டெல்லி, உத்தரப் பிரதேசத்தில் கால் பங்கையும் எட்டவில்லை. வேலையின்மை பற்றி அதிகம் பேசப்படும் மாநிலங்களும் இவைதான் என்பதைக் கவனியுங்கள்.

இத்தனைக்கும் விதி தளர்ந்துவிட்டது. முன்பு ஜனவரி 1 அன்று 18 முடிந்திருந்தால்தான் உண்டு. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள். 17 வயதிலேயே முன்கூட்டி, பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்து வைக்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், கல்லூரியின் சான்றோடு விடுதி முகவரியிலேயே பெயர் சேர்க்கலாம். இந்தக் கடைசி விஷயம் தெரிந்த மாணவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். கல்லூரி நிர்வாகங்களும் பெரும்பாலும் சொல்வதில்லை.

இரண்டாவது, பெயர் இருக்கும், ஆள் ஊரில் இருக்க மாட்டார். வேலை தேடுகிறவரும் வேலைக்குப் படிக்கிறவரும் வெளியூரில்தான் இருப்பார்கள். பாட்னா, பிரயாக்ராஜ், டெல்லி முகர்ஜி நகர் லாட்ஜுகளில் இருக்கும் பையனுடைய ஓட்டு ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடச் சாவடியில் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் இளைஞர் ஓட்டுப் போட வேண்டுமானால் ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டு, ரயிலில் இடம் பிடித்துப் போய்வர வேண்டும். ஊரில் இருப்பவருக்கு வாக்களிப்பது அரை மணி நேர வேலை; இவருக்கு ஒரு மாத மிச்சப் பணம். இதைத் தீர்க்கத் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றை 2022 டிசம்பரில் முன்மொழிந்தது. அடுத்த மாதம் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசியது. எதிர்க்கட்சிகள் பல சந்தேகங்களை எழுப்பின. 2024 தேர்தல் அந்த இயந்திரம் இல்லாமலேதான் நடந்தது. எதிர்க்கட்சிகளின் சந்தேகங்களில் சில நியாயமானவையே. ஆனால் சந்தேகத்தைத் தீர்த்து அதை முன்னெடுக்க எந்தத் தரப்பும் ஆர்வம் காட்டாததுதான் எனக்கு வருத்தம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது என்று நினைக்கிறேன். நம் படித்த இளைஞர் தன்னை வேலையில்லாதவர் என்று எண்ணுவதில்லை. "பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன்" என்கிறார். எந்த மாவட்ட மைய நூலகத்துக்கும் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுப் பகுதியில் இடம் பிடிக்கக் கதவு திறக்கும் முன்பே பைகள் வரிசையில் இருக்கும். உள்ளே ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடப்புத்தகங்கள், ஓரமெல்லாம் மடங்கி, மூன்று நிற மையில் கோடு போட்டு. படிப்பவர் பொறியியல் முடித்தவராக இருப்பார். குரூப் 4 தேர்வு பத்தாம் வகுப்புத் தரம்: 200 கேள்வி, 300 மதிப்பெண், ஒரு கேள்விக்கு ஒன்றரை. ஒரு கேள்வி தவறினால் எத்தனை ஆயிரம் பேர் முன்னே போய்விடுவார்கள் என்ற கணக்கு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அவர்களுடைய ஆத்திரம் பெரும்பாலும் தங்கள் மேலேயே திரும்புகிறது: நான் இன்னும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும், போன முறை ரெண்டு கேள்வியில் போச்சு. பக்கத்து நாற்காலிக்காரர் நண்பர், ஆனால் போட்டியாளரும்கூட. இவர்கள் ஒன்றுசேர்ந்து ஓர் அரசியல் அணியாவது சுலபமில்லை.

2024 ஜூன் 4 அன்று வாக்கு எண்ணினார்கள். ஜூன் 9 குரூப் 4 தேர்வு. அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். ஓர் இடத்துக்கு 320 பேர். அந்த வாரம் தமிழ்நாட்டில் தேர்தல் முடிவைவிட ஹால் டிக்கெட்டைப் பற்றி அதிகம் பேசிய வீடுகள் நிறைய இருந்தன.

இப்போது உத்தரப் பிரதேசத்துக்கு வருகிறேன். அங்கேதான் இந்த விஷயம் முழுசாகப் புரியும்.

அங்கே 60,244 காவலர் பணியிடங்களுக்கு 48 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2018க்குப் பிறகு வந்த பெரிய காவலர் தேர்வு அது. இடையில் வயது கடந்துபோனவர்கள் போராடியதால் மூன்று ஆண்டு வயது வரம்புத் தளர்வு கொடுக்க வேண்டிவந்தது. 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் தேர்வு நடந்தது. வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டது என்று இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 24 அன்று முதலமைச்சர் ஆதித்யநாத் தேர்வை ரத்துசெய்து, ஆறு மாதத்தில் மறுதேர்வு என்றார். அதாவது தேர்தலுக்கு அப்புறம். மறுதேர்வு ஆகஸ்டில் நடந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உத்தரப் பிரதேசத்தில் 80 தொகுதிகள். வெளிமாநில விண்ணப்பதாரர்களைக் கழித்துவிட்டாலும், தொகுதிக்கு ஐம்பதாயிரம் பேராவது அந்தத் தேர்வை எழுதப் பெயர் கொடுத்தவர்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் இரண்டு மூன்று ஓட்டுகள் கூட இருக்கும். பயிற்சி மையக் கட்டணம், ரயில் செலவு, லாட்ஜ் வாடகை எல்லாம் கொடுத்தது அந்த அப்பா அம்மாதான். பைசாபாத் தொகுதியில், அதாவது அயோத்தி அடங்கிய தொகுதியில், ராமர் கோயில் திறந்து ஐந்து மாதம் ஆவதற்குள் பாஜக தோற்றது. சமாஜ்வாதியின் அவதேஷ் பிரசாத் ஜெயித்த வித்தியாசம் 54,567. அங்கே நிலம் கையகப்படுத்தல், சாலை அகலப்படுத்த வீடுகளை இடித்தது, சாதிக் கூட்டணி என்று வேறு காரணங்கள் பலமாக இருந்தன. வேலையால் மட்டும் அது நடந்தது என்று சொன்னால் அது தவறு. நான் சொல்வது அளவைப் பற்றி: ஒரே ஒரு தேர்வு ரத்தானதால் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஒரு தொகுதியின் வெற்றி வித்தியாசத்துக்கு நிகராக நிற்கிறது. மாநிலம் முழுக்கப் பாஜக 62 இடங்களிலிருந்து 33க்கு இறங்கியது. சமாஜ்வாதி 37.

இங்கே இரண்டு விஷயங்கள் கூடிவந்தன. "வேலை இல்லை" என்ற பொதுப் புலம்பல், "நான் எழுதிய பரீட்சையின் தாளை வித்துட்டாங்க" என்ற குறிப்பான புகாராக மாறியது. பொறுப்பானவர் யார் என்ற கேள்விக்கு லக்னோவில் இருக்கும் மாநில அரசு என்று பதில் இருந்தது. அப்புறம், அதை மேடையில் தினமும் பேச சமாஜ்வாதியின் அகிலேஷும் காங்கிரஸின் ராகுலும் ஒரே கூட்டணியில் இருந்தார்கள். வினாத்தாள் கசிவு இளைஞர்கள் மட்டும் பேசுகிற விஷயமாக இருக்கவில்லை.

அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டம் இன்னொரு பாடம். 2022 ஜூன் 14 அன்று அறிவித்தார்கள். நான்கு ஆண்டுப் பணி, அதன் முடிவில் நூற்றுக்கு 25 பேரை மட்டும் நிரந்தரமாக்குவார்கள், மற்றவர்கள் ஒரு தொகையோடு வீட்டுக்கு. கொரோனாவால் இரண்டு ஆண்டு ஆள்சேர்ப்பு முகாமே இல்லாமல், காலையில் நாலு மணிக்கு எழுந்து ஓடிப் பழகிக்கொண்டிருந்த பையன்களுக்கு அந்த அறிவிப்பு எப்படி இருந்திருக்கும்? உடல்தகுதித் தேர்வில் தேறி எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களின் பழைய ஆள்சேர்ப்பும் ரத்தானது. பீகாரில் ரயில்கள் எரிந்தன. செகந்திராபாத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

2024 முடிவுகளில் பீகாரின் தென்மேற்குப் பக்கம் பாருங்கள்: ஆரா, பக்சர், சசாராம், காராகாட், அவுரங்காபாத், ஜெகனாபாத், பாடலிபுத்ரா. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய வட்டாரம். ஏழும் எதிர்க்கட்சிகளின் இந்தியா கூட்டணிக்குப் போயின. மற்ற இடங்களில் அந்தக் கூட்டணி கிட்டத்தட்ட துடைத்தெறியப்பட்ட அதே மாநிலத்தில். ராஜஸ்தானின் ஷேகாவதி வட்டாரத்தில் ஜுன்ஜுனு, சிகர், சுரு மூன்றையும் பாஜக இழந்தது. அதுவும் சிப்பாய் வீடுகள் நிறைந்த மண். ஹரியானாவில் பத்தில் ஐந்து போயின.

இதோடு நிறுத்திவிட்டால் வாதம் அழகாக இருக்கும், ஆனால் பாதி உண்மைதான். உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம் இரண்டுமே ராணுவத்துக்கு ஏராளமாக ஆள் அனுப்பும் மலைமாநிலங்கள். அங்கே அக்னிபத் மேல் கசப்பு இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்துக்கு ஐந்து, நான்குக்கு நான்கு என்று பாஜகவே எடுத்தது. 2022இல் போராட்டம் வெடித்த குவாலியர் இருக்கும் மத்தியப் பிரதேசத்தில் 29க்கு 29. ஆராவிலும் காராகாட்டிலும் பல பத்தாண்டுகளாக வீடுவீடாகப் போகும் சிபிஐ (எம்எல்) விடுதலை என்ற இடதுசாரிக் கட்சி இருந்தது. சிகரில் விவசாயிகள் இயக்கத்திலிருந்து வந்த அம்ரா ராம் நின்றார். மத்தியப் பிரதேசத்தில் எதிர்க்கட்சி ஐந்து மாதம் முன்புதான் சட்டமன்றத் தேர்தலில் தோற்றுச் சோர்ந்து கிடந்தது. கசப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். தூக்கிச் சுமக்க ஆள் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.

2019ஐ இதோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 45 ஆண்டுகளில் காணாத வேலையின்மை, 6.1 சதவீதம் என்ற ஆய்வு முடிவை வெளியிடாமல் வைத்திருந்தார்கள் என்று சொல்லி தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் மோகனனும் மீனாட்சியும் 2019 ஜனவரியில் விலகினார்கள். எண் பத்திரிகையில் கசிந்தது. அதிகாரபூர்வமாக வெளிவந்தது மே 31, புதிய அரசு பதவியேற்ற மறுநாள். அந்த நான்கு மாத இடைவெளியில் புல்வாமா தாக்குதலும் பாலகோட் விமானத் தாக்குதலும் வந்துவிட்டன. பாஜகவுக்கு 303 இடங்கள். வேலையின்மை 2019இல் இருந்த அளவுக்கு 2024இல் இல்லை என்றுகூட அரசு எண்கள் சொல்கின்றன. ஆனால் அடி விழுந்தது 2024இல்தான், 240க்கு இறங்கினார்கள். சதவீதத்தை மட்டும் வைத்து ஓட்டைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 39க்கு 39ம் திமுக கூட்டணி. ஆனால் இங்கே வேலைதான் அதைத் தீர்மானித்தது என்று நான் நினைக்கவில்லை. மத்திய அரசைக் குறைசொன்ன திமுகவே 2021இல் மூன்றரை லட்சம் அரசுக் காலியிடங்களை நிரப்புவதாகச் சொல்லியிருந்தது. அந்தக் கேள்வி அவர்கள் பக்கமும் திரும்பும் என்பதால் யாரும் அதை அழுத்திப் பேசவில்லை. இளைஞர்களை அதிகம் ஈர்ப்பதாகப் பேசப்படும் நாம் தமிழர் கட்சி 8 சதவீதத்தைத் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. 2019இல் அது 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. ஓர் இடம்கூட ஜெயிக்காத கட்சிக்கு இரு மடங்கு ஓட்டு. அதில் ஒரு பகுதி வேலைக் கோபம் என்பது என் ஊகம்.

"அப்போ இவ்வளவு ஓட்டுப் போட்டு என்ன பலன்?" என்று கேட்பீர்கள். பலன் ஏழு வாரத்தில் தெரிந்தது. காங்கிரஸ் தேர்தல் அறிக்கையில், 25 வயதுக்குட்பட்ட பட்டயம், பட்டம் முடித்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாயோடு ஓராண்டுத் தொழிற்பயிற்சி உரிமை என்று இருந்தது. ஜூலை 23 அன்று நிர்மலா சீதாராமன் படித்த பட்ஜெட்டில், 500 பெரிய நிறுவனங்களில் ஐந்து ஆண்டில் ஒரு கோடிப் பேருக்குப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் என்ற அறிவிப்பு வந்தது. முதல் வேலையில் சேருபவருக்கு ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு, 15,000 ரூபாய் வரை அரசே தரும் திட்டமும் வந்தது. 240 என்ற எண் வராமல் 303 திரும்ப வந்திருந்தால் இவ்வளவு அவசரம் இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் அறிவிப்போடு திருப்தி அடைய வேண்டாம். அந்தப் பயிற்சித் திட்டத்தின் முதல் சுற்றில் 1.27 லட்சம் இடங்கள் அறிவித்தார்கள். 82,000க்கு மேற்பட்டவர்களுக்கு அழைப்பு போனது. கடைசியில் சேர்ந்தவர்கள் ஒன்பதாயிரத்தைத் தொடவில்லை. மாதம் ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு வெளியூரில் அறை எடுத்துச் சாப்பிட முடியுமா என்று ஒரு பட்டதாரியைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

எனவே அடுத்த முறை வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது "வேலை கொடுப்பீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். இன்றைக்கு எத்தனை காலியிடம், எந்த மாதம் அறிவிப்பு, தேர்வுக்கும் பணி ஆணைக்கும் நடுவே எத்தனை மாதம், தாள் வெளியானால் எந்த அதிகாரி பொறுப்பு, பயிற்சிப் பணம் அறை வாடகைக்குப் போதுமா என்று கேளுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் 17 தாண்டிய பிள்ளை இருந்தால் படிவம் 6 நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். விடுதியில் இருந்தால் விடுதி முகவரியிலேயே.